முப்பத்தாறில் பன்னிரண்டு

பாண்டிச்சேரிக்கு நான் ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. முப்பத்தாறு ஓலைகளில் பன்னிரண்டை மடியில் வைத்துக்கொண்டு, மீதி இருபத்துநான்கைத் தேடிப் போனேன்.

போன வருஷம் மலேசியாவில், தைப்பிங்கில், அப்பா இறந்துபோனார். கடைசி வாரத்தில் என்னைக் கூப்பிட்டு இரும்புப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். இரண்டு பலகைத் துண்டுகளுக்கு நடுவே கயிறு கோத்த ஓலைக்கட்டு. "மூணு பங்கையும் ஒண்ணா சேத்து, ஒரு தடவையாவது முழுசா படிக்க வெச்சுடும்மா. என் ஆயுசுல முடியல," என்றார். அப்பா எதையும் வாய்விட்டுக் கேட்கிற ஆள் இல்லை. கேட்டது இது ஒன்றுதான்.

அது மாட்டு வைத்திய ஏடு. பாண்டிச்சேரிக்கு மேற்கே ஒரு கிராமத்தில் என் தாத்தா மாட்டு வைத்தியர். அவர் செத்ததும் மூன்று மகன்களுக்கும் பாகப்பிரிவினை நடந்தது. நிலம், மாடு, அண்டா குண்டா எல்லாம் பிரித்தாயிற்று. ஏட்டை யார் வைத்துக்கொள்வது என்று சண்டை வந்தது. மத்தியஸ்தம் பண்ண வந்த பெரியவர்கள் கட்டை அவிழ்த்து, சீட்டுப் போடுகிற மாதிரி, மூத்தவனுக்கு ஒன்று, நடுவனுக்கு ஒன்று, சின்னவனுக்கு ஒன்று என்று முப்பத்தாறையும் போட்டுவிட்டார்கள். ஆளுக்குப் பன்னிரண்டு. யாருக்கும் குறை இல்லை, யாருக்கும் புத்தகமும் இல்லை. அந்தப் புண்ணியவான்கள் யாராவது இன்று உயிரோடு இருந்தால் நேரில் போய் நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

சென்னையிலிருந்து பஸ்ஸில் போனேன். பையை மேலே வைக்கச் சொல்லி நடத்துநர் ஒரே பிடிவாதம். "இதுல எங்கப்பா இருக்காரு," என்றேன். மனுஷன் அஸ்தி என்று நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டார். மரக்காணம் தாண்டி டயர் வெடித்தது. எல்லோரும் இறங்கி வெயிலில் நின்றோம். பக்கத்தில் நின்ற ஒரு பெண் நுங்கு வாங்கி எனக்கும் இரண்டு கொடுத்தாள், காசு வேண்டாம் என்றாள். தைப்பிங்கில் தினம் மழை பெய்யும். இங்கே வானத்தில் ஒரு பொட்டு மேகம்கூட இல்லை. ஊருக்குள் நுழைந்தபோது பாதிப் பலகைகளில் புதுச்சேரி, பாதியில் பாண்டிச்சேரி. அப்போதுதான் பெயரை மாற்றியிருந்தார்கள்.

மறுநாள் காலை இட்லி சாப்பிட்ட கையோடு, ஓலைச்சுவடிகளைப் படம் எடுத்துக் கணினியில் சேர்த்து வைக்கும் ஓர் ஆய்வு நிலையத்துக்குப் போனேன். கடற்கரையிலிருந்து நாலு தெரு தள்ளி, மஞ்சள் சுவர் வைத்த பழைய வீடு. அங்கே சுவடி படிப்பவர் முருகையன். நாற்பது வயது இருக்கும்; பேசும்போது மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிடுவார். நான் கட்டை வெளியே எடுத்ததும் அவர் முகம் மாறியது.

"அம்மா, இத எதுல வெச்சிருந்தீங்க?"

"பிளாஸ்டிக் பையில. காத்துப் போகாம ஜிப் போட்டு. அதுக்கு முன்னாடி ஸ்பிரிட் வெச்சுத் துடைச்சேன்."

பெருமையாகத்தான் சொன்னேன். முப்பத்தைந்து வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்த்தவள் நான். சுத்தம் என்றால் ஸ்பிரிட்தான். அவர் ஓர் ஓலையைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார். ஓரம் முழுக்க வெள்ளையாகப் பூஞ்சை. பையில் வியர்த்திருக்கிறது. ஸ்பிரிட்டில் ஓலையின் எண்ணெய்ப்பசையும் போய் மொரமொரவென்று ஆகியிருந்தது. "உங்கப்பாரு பொட்டியில அறுவது வருஷம் சும்மா கெடந்திருக்குது, ஒண்ணும் ஆவல," என்றார் அவர், என்னைத் திட்டக் கூடாது என்கிற மரியாதையோடு. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்று முழுக்க அவர் மெல்லிய தூரிகையால் பூஞ்சையைத் தட்டி எடுத்தார். எலுமிச்சம்புல் எண்ணெயைப் பஞ்சில் தொட்டுப் பூசினார். விளக்குக் கரியைத் தடவித் துடைத்ததும், கீறலாக மட்டும் தெரிந்த எழுத்துகள் கறுப்பாக எழுந்தன. ஒவ்வொரு ஓலையின் இடது ஓரத்திலும் தமிழ் எண். இரண்டு, ஐந்து, எட்டு என்று முப்பத்தைந்து வரை. அவர் இரண்டாம் ஏட்டைப் படித்தார். வயிறு உப்பிய மாட்டுக்கு வசம்பும் இஞ்சியும் பெருங்காயமும் இடித்து வைத்துக்கொண்டு... அவ்வளவுதான். ஓலை முடிந்துவிட்டது.

"வெச்சுக்கிட்டு என்ன பண்ணணும்?" என்றேன்.

"அது மூணாவது ஏட்டுல இருக்கும்மா."

பாதி மருந்துச் சீட்டைவிட ஆபத்தான காகிதம் உலகத்தில் கிடையாது. என் வார்டில் யாராவது அப்படி ஒரு சீட்டைக் கொண்டுவந்திருந்தால் அவர்களை வாசலோடு திருப்பி அனுப்பியிருப்பேன். அன்று நானே அப்படி ஒரு சீட்டுக்காரியாக விடுதிக்குத் திரும்பினேன்.

மூன்றாம் நாள் கிராமத்துக்கு. பெரியப்பா மகன் ஏழுமலை என்னைவிட ஐந்து வயது இளையவர். கொஞ்சம் நிலம் இருக்கிறது, பாண்டிச்சேரியில் ஒரு மில்லில் வாட்ச்மேன் வேலையும் பார்க்கிறார். தன் மொபெட்டிலேயே வந்து என்னை ஏற்றிக்கொண்டார். வில்லியனூர் தாண்டி பெட்ரோல் தீர்ந்து, இரண்டு பேரும் தள்ளிக்கொண்டே போனோம். ஐம்பத்தேழு வயதில் மொபெட் தள்ளுவேன் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. "வெளிநாட்டு அக்காவ வண்டி தள்ள வுட்டானாம் ஏழுமலன்னு ஊரே சிரிக்கப் போவுது," என்று அவர் வழியெல்லாம் புலம்பினார்.

அவர் வீட்டில் ஏடு சாமி மாடத்தில் இருந்தது. வருஷா வருஷம் சரஸ்வதி பூஜைக்குச் சந்தனம் குங்குமம் பூசி, சாம்பிராணி காட்டி, மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருக்கிறார்கள். அவிழ்த்துப் படித்தவர் ஒருவரும் இல்லை. அறுபது வருஷச் சந்தனம் ஓலைமேல் சுண்ணாம்பு மாதிரி ஏறியிருந்தது. நான் ஸ்பிரிட்டால் செய்த பாவத்தை இவர்கள் பக்தியால் செய்திருந்தார்கள்.

அவர் மனைவி மொச்சைக் குழம்பும் வடகமும் போட்டார். நான் மூன்று தடவை சோறு வாங்கினேன். சாப்பிட்டு முடித்து, விஷயத்தைச் சொன்னேன். ஏழுமலை மஞ்சள் துணியை மறுபடி மடித்தார்.

"குடுக்கறேங்கா. படம் புடிச்சுட்டு என் கையிலயே திருப்பிக் குடுத்துடணும். ஆனா ஒண்ணு. சொல்தா வூட்டு ஏட்டோட இத சேத்து வெக்கக் கூடாது. எங்கப்பாரு சாவறப்ப சொல்லிட்டுப் போனது. நான் மீற முடியாது."

பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்தவர்களை இங்கே சொல்தா என்பார்கள். சின்னவரான என் சித்தப்பா அப்படிச் சேர்ந்து, கிறிஸ்தவப் பெண்ணைக் கட்ட ஞானஸ்நானமும் வாங்கிக்கொண்டார். அன்றோடு பெரியப்பா தம்பியைத் தலைமுழுகிவிட்டார். சித்தப்பா இறந்து எட்டு வருஷம். அவர் சாவுக்கும் இந்த வீட்டிலிருந்து யாரும் போகவில்லை. இத்தனைக்கும் ஏழுமலை வேலைக்குப் போகிற வழி சித்தியின் தெரு வழியாகத்தான்.

"தெனமும் அந்த வாசலத் தாண்டிப் போறியே தம்பி, ஒரு நாளாவது உள்ள போகணும்னு தோணலியா?" என்று கேட்டேன்.

"தோணும்," என்றார். "வண்டிய நிறுத்தாம போயிடுவேன்."

சேர்க்காமல் எப்படிக் கட்டை முழுசாக்குவது? படத்தைத்தானே சேர்க்கிறோம், ஓலையையா சேர்க்கிறோம் என்று வக்கீல் மாதிரி ஒரு நியாயம் பேசினேன். அவர் மனைவி, "சரின்னு சொல்லித் தொலையேன், அந்தம்மா கடல் தாண்டி வந்திருக்குது," என்று அதட்டினார். ஏழுமலை தலையாட்டி, கட்டை என் கையில் கொடுத்தார். அன்று மாலையே அதை முருகையனிடம் சேர்த்தேன்.

நான்காம் நாள் முத்தியால்பேட்டையில் சித்தி வீட்டுக்குப் போனேன். சித்தி பெயர் தெரேஸ். எழுபத்துநாலு வயது, ஒல்லி உடம்பு, பூப்போட்ட கவுன். கதவைத் திறந்ததும் என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். "அவரு மூக்கு," என்றார். "உக்காரும்மா. மொதல்ல சாப்புடு."

வஞ்சிரம் குழம்பு. சோறு பக்கத்தில் இருந்தாலும் சித்தி குழம்பை நீளமான பிரெஞ்சு ரொட்டியில் தோய்த்துத்தான் தின்றார். எங்கள் தைப்பிங்கில் ரொட்டி சானாய் என்கிற பரோட்டாவை மீன் கறியில் முக்கித் தின்பதை இவ்வளவு நாள் எங்கள் சொத்து என்று நினைத்திருந்தேன். சாப்பிடும்போதே பாரீசிலிருந்து மகன் போன் செய்தான். பிரெஞ்சில்தான் பேசினான். சித்தி போனைப் பொத்திக்கொண்டு எனக்குத் தமிழில் சொன்னார்: "யாரு வந்திருக்காங்கன்னு கேக்கறான். சொத்து கேக்க வந்திருக்காங்களான்னும் கேக்கறான்."

"ஆமான்னு சொல்லுங்க. பன்னெண்டு ஓலை கேக்கறேன்னு சொல்லுங்க."

சித்தி போனை வைத்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"அது இல்லியேம்மா."

"இல்லைன்னா?"

"அவரோடயே வெச்சுட்டேன். பொட்டியில, தலமாட்டுல. சைகோன், அல்ஜீரியா, எங்க போனாலும் அத வுடாம தூக்கிட்டுத் திரிஞ்சாரு. அவரில்லாம அது இங்க இன்னாத்துக்குன்னு நானேதான் வெச்சேன். மண்ணுக்குள்ள போயிடுச்சு."

எனக்குக் கோபம் வந்தது. மறைத்து என்ன பிரயோஜனம், நன்றாகவே வந்தது. மூன்றில் ஒரு பங்கைச் சவப்பெட்டியில் வைத்து மூடுவதற்கு யாருக்கு அதிகாரம் இருக்கிறது? "அது உங்க புருஷன் சொத்து மட்டும் இல்ல சித்தி. எங்கப்பா சாகறப்ப கேட்டது அது ஒண்ணுதான். நாளைக்குப் பத்து மணிக்குக் கடற்கரைப் பக்கம் அந்தச் சுவடி நிலையத்துல படம் எடுக்கறாங்க. மூணுல ஒண்ணு காலியாத்தான் இருக்கும்." சாப்பிட்ட தட்டைக்கூட எடுத்து வைக்காமல் கிளம்பிவிட்டேன். காந்தி வீதியில் பாதி தூரம் நடந்த பிறகுதான், எட்டு வருஷமாகத் தனியாக இருக்கிற ஒரு மனுஷியிடம் இப்படிப் பேசிவிட்டோமே என்று உறைத்தது. திரும்பிப் போக வெட்கமாக இருந்தது. கடற்கரையில் போய் உட்கார்ந்து, அப்பாவிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன். என்னால் முடிந்தது இவ்வளவுதான் என்றேன்.

ஐந்தாம் நாள் காலை ஆய்வு நிலையத்தில் நானும் ஏழுமலையும் உட்கார்ந்திருந்தோம். சித்தியின் பங்கு மண்ணுக்குள் இருக்கிறது என்று அவரிடம் சொன்னேன். "எங்கப்பாரு சொன்னது இப்ப தானாவே நடந்துடுச்சு பாருங்க," என்றார். ஜெயித்த குரலாக அது இல்லை.

முருகையன் சந்தனத்தைச் சுரண்டவே அதிகாலையில் வந்துவிட்டாராம். அவர் மேசையில் ஓலைகளை வரிசைப்படுத்தினார். ஒன்று, இரண்டு. மூன்று இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிற அட்டை ஒன்றை வெட்டி வைத்தார். நான்கு, ஐந்து, மறுபடி அட்டை. காலி இடத்தையும் படம் எடுத்தே ஆக வேண்டுமாம். இல்லாவிட்டால் பின்னால் படிக்க வருகிறவர்கள் ஏடு தொடர்ச்சியாக இருப்பதாக நினைத்துத் தப்பாகப் படித்துவிடுவார்கள். பன்னிரண்டு அட்டை. பார்க்கவே சகிக்கவில்லை.

அப்போதுதான் வாசலில் சைக்கிள் ரிக்‌ஷா வந்து நின்றது. சித்தி. அன்றைக்குச் சேலை கட்டியிருந்தார். நான் எழுந்து ஓடினேன். "சித்தி, நேத்து நான்..."

"இருக்கட்டும்மா. அவரு அண்ணந்தம்பிங்க ஏடு எப்பிடி இருக்கும்னு பாத்ததேயில்ல. ஒரு தடவ பாத்துட்டுப் போயிடறேன்."

ஏழுமலை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சித்தி அவரைப் பார்த்தார். யார் என்று கேட்கவில்லை, தெரிந்துதான் இருந்தது. ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார்.

முருகையன் முதல் ஏட்டைச் சத்தமாகப் படித்தார். பிறகு இரண்டாவது. வசம்பும் இஞ்சியும் பெருங்காயமும் இடித்து வைத்துக்கொண்டு, என்று முடித்து, அட்டைமேல் கையை வைத்தார்.

"வெந்நீர் விட்டுக் கரைத்து, மூங்கில் குழாயில் ஊற்றி, நாக்கைப் பிடிக்காமல் விடு," என்றது ஒரு குரல். சித்திதான். சாதாரணமாக, ஜெபம் சொல்கிற மாதிரி சொல்லிக்கொண்டே போனார். அந்த ஏட்டுக்கு உண்டான வரிகள் முடிந்ததும் நிறுத்தினார். முருகையன் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"ஐயோ சித்தி, உங்களுக்குத் தெரியுமா?"

"படிக்கத் தெரியாது. தெனமும் சாயங்காலம் சொல்லுவாரு, இருட்டற நேரத்துல. நாப்பத்தேழு வருஷம் கேட்டிருக்கேன். சொல்தாவுக்கு மாடு எங்க இருக்குதுன்னு கேலி பண்ணுவேன். தமிழ் மறந்துடக் கூடாதுன்னு சொல்றேன்னுவாரு. இத நேத்தே கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீ ஓலய இல்ல கேட்ட?"

முருகையன் ஓடிப்போய் ஒலிப்பதிவுக் கருவியைக் கொண்டுவந்தார். அப்புறம் நடந்தது ஒரு வகையான பூஜைதான். ஏழுமலையின் ஏட்டை முருகையன் படிப்பார், பிறகு என்னுடையதை, பிறகு சித்தி. ஒவ்வொரு தடவையும் அறுந்த வாக்கியம் ஒட்டிக்கொண்டது. கொம்பு முறிவு, குளம்புப் புண், மடி வீக்கம். பதினைந்தாம் ஏடு சித்திக்கு ஞாபகம் வரவில்லை. கண்ணை மூடி, விரலை மடக்கி, எவ்வளவோ பார்த்தார். "அது போயிடுச்சு," என்றார். அந்த அட்டை அட்டையாகவே இருந்தது. ஏழுமலை எப்போது சுவரைவிட்டுத் திரும்பினார், எப்போது தன் ஓலைகளை ஒவ்வொன்றாக எடுத்து முருகையன் கையில் கொடுக்க ஆரம்பித்தார் என்று நான் கவனிக்கவில்லை.

இருபத்தாறாம் ஏடு என் பங்கு. முருகையன் படித்தார்:

"ஈன்ற கன்று மாண்ட பசு
இரை எடாது, பால் இறக்காது,
வந்த வழியே பார்த்து நிற்கும்.
மருந்து இதற்கு இல்லை, செய்வது கேள்."

ஓலை அங்கே முடிந்தது. நாங்கள் சித்தியைப் பார்த்தோம்.

"இன்னொரு தடவ படிங்க," என்றார். முருகையன் படித்தார். "பசுவா?" என்று கேட்டார் சித்தி.

"ஆமாம்மா. கன்னு செத்த பசு."

மறந்துவிட்டாரோ என்று நினைத்தேன். இல்லை. கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கருவியைப் பார்த்துச் சொன்னார்:

"கிட்டப் போய் நில், கேள்வி கேளாதே.
நெற்றி தடவிப் பேர் சொல்லிக் கூப்பிடு.
கத்தினால் கத்தட்டும், வாயை அடக்காதே.
மூன்று ராத்திரி தனியே விடாதே."

பிறகு எங்களிடம் பேசினார். "சைகோன்ல எனக்கு ஒரு பொண்ணு இருந்துச்சு. ரோஸ். பதினோரு மாசம். காய்ச்சல்ல போயிடுச்சு. மத்த சொல்தா பொண்டாட்டிங்க எல்லாம் அழாத, அழாத, ஆண்டவர் எடுத்துக்கிட்டாருன்னாங்க. இவரு லீவு போட்டுட்டு வந்தாரு. ஒண்ணும் கேக்கல. நெத்தியத் தடவி, தெரேஸ், தெரேஸ்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தாரு. கத்துன்னாரு. மூணு ராத்திரி பக்கத்துலயே உக்காந்திருந்தாரு. இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்கன்னு அப்புறமா ஒரு நாளு கேட்டேன். எங்கப்பா ஏட்டுல இருக்குது, உன்ன மாதிரி பொம்பளைக்குன்னு எழுதினதுன்னாரு. மாட்டுக்குன்னு சொல்லவேயில்ல பாரேன்."

நான் எத்தனையோ பிள்ளை செத்த தாய்மார்களைப் பார்த்தவள். அழாதே அழாதே என்றுதான் அத்தனை பேருக்கும் சொன்னேன்.

சித்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்தப் பசு அப்புறம் இன்னா ஆச்சு? அடுத்ததுல போட்டிருக்குதா பாருங்க."

இருபத்தெட்டு ஏழுமலையின் பங்கு. அவர் அதைத் தேடி எடுத்தார். முருகையனிடம் கொடுக்கவில்லை. எழுந்து வந்து, சித்தியின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று, அவர் கையில் வைத்தார். "பாருங்க சித்தி," என்றார்.

சித்தி அந்த ஓலையைத் தடவிப் பார்த்துவிட்டு முருகையனிடம் நீட்டினார். அவர் முதல் வரியைப் படித்தார்.

"நாலாம் நாள் தானே எழும், தண்ணீர் குடிக்கும்."

"ஆமா," என்றார் சித்தி. "நாலாம் நாளுதான் நான் எழுந்து கஞ்சி குடிச்சேன்."